பத்தியைப் படித்து விடை தருக

"சலேத்தைப் பரீட்சைக்கு மட்டும் வர வேண்டாம்னு சொல்லிடட்டுமா, சிஸ்டர்?"

இன்னாசியம்மாள் டீச்சர் இதைக் கேட்டது தலைமையாசிரியை சிஸ்டர் ஜெசிந்தாவிடம். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது. நல்ல மனுஷி டீச்சர். ஒரு பிள்ளையையும் கை நீட்டி அடித்ததில்லை.

கடற்கரை ஊர் ஒன்றில் இருந்த நடுநிலைப் பள்ளி அது. ஏழாம் வகுப்புக்கு டீச்சர்தான் தமிழ். அடுத்த வாரம் ஒன்றியம் முழுவதற்கும் ஒரே தமிழ்த் தேர்வு. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் முழு மதிப்பெண்ணுக்குத் தயார்.

சலேத் மேரி ஒருத்தியைத் தவிர.

சிஸ்டர் ஜெசிந்தா டீச்சரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் மனசில் ஒரு பாரம் என்றால் டீச்சர் போய் நிற்பது அவர் முன்னால்தான். அவர் அதிகம் பேச மாட்டார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவும் மாட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன?" என்றார் சிஸ்டர்.

"எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிக்கும். ஒரு பத்தியை முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிரும். அப்புறம் எங்க பதில் எழுத?"

"மத்த பிள்ளைங்க சீக்கிரம் படிச்சிருவாங்களா?"

டீச்சர் முகம் மலர்ந்தது.

"அதுங்க பத்தியைப் படிக்கவே படிக்காதுங்க சிஸ்டர்."

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

டீச்சர் ஆசையாக விளக்கினார். பத்தியைப் படித்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். முதலில் கேள்வியைப் பார்க்க வேண்டும். கேள்வியில் இருக்கிற சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று விரலை ஓட்டித் தேட வேண்டும். கிடைத்ததும் அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிவிட வேண்டும். கடைசியில் பொருத்தமான தலைப்பு கேட்பார்கள். அதற்கு அன்பு, உதவி, ஒற்றுமை என்று ஒன்றைப் போட்டால் முக்கால்வாசிப் பத்திகளுக்குச் சரியாக வரும்.

சலேத்துக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார். அது தலையை ஆட்டும். ஆட்டிவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கும். முதல் வரியைப் படிக்காமல் ரெண்டாவது வரிக்கு எப்படிப் போவது என்று டீச்சரையே ஒருநாள் கேட்டதாம். வகுப்பே சிரித்ததாம்.

"தேர்வு எழுத அதுக்கு ஆசையா?"

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். தேர்வு எழுதப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு வேனில் போக வேண்டும். ஜன்னல் ஓரம் தனக்குத்தான் என்று சலேத் இப்போதே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

"ஆசைதான் சிஸ்டர். அதான் உங்ககிட்ட கேக்கிறேன்."



"நாளைக்கு உங்க வகுப்பை நான் பார்க்கிறேன், டீச்சர். அப்புறம் சொல்றேன்."

*

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியட். வகுப்பு வாசலிலேயே சிஸ்டர் டீச்சரை நிறுத்திவிட்டார். பின்பக்கத்துப் புத்தக அறையில் போய் உட்காரச் சொன்னார். என்ன நடந்தாலும் குரல் கொடுக்கக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது என்றும் சொன்னார்.

டீச்சர் சரி என்றார். சிஸ்டர் சொன்னால் அவர் ஏன் என்று கேட்பதில்லை.

பழைய பாடநூல் கட்டுகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி கிடந்தது. உட்கார்ந்தார்.

வெளியே பூட்டுகிற சத்தம் கேட்டது.

பழக்கதோஷத்தில் சிஸ்டர் பூட்டிவிட்டுப் போகிறார் போல என்று நினைத்துக்கொண்டார். சிரிப்பு வந்தது.

பங்குனி வெயில். ஓட்டுக் கூரை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கொஞ்ச நேரத்தில் சேலை முதுகோடு ஒட்டியது. தண்ணீர் பாட்டிலை வகுப்பு மேசையிலேயே வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

வகுப்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எழுதுகிறார்கள். சமர்த்துப் பிள்ளைகள்.

ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். பாதிகூட முடியவில்லை. கதவுக்கு அடியில் தாள்கள் உள்ளே வந்தன. சிஸ்டரின் காலடி விலகிப் போனது.

டீச்சர் தாள்களைப் பொறுக்கி, கதவிடுக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலே சிஸ்டர் எழுதிய பத்தி. கீழே பிள்ளைகளின் விடைகள்.

பத்தியைப் படித்தார்.

'உங்கள் தமிழ் ஆசிரியை இன்னாசியம்மாள் இப்போது புத்தக அறைக்குள் இருக்கிறார். கதவு வெளியே பூட்டப்பட்டிருக்கிறது. உள்ளே காற்று வராது. அவருக்குத் தாகமாக இருக்கும். அவருடைய தண்ணீர் பாட்டில் இதோ உங்கள் முன்னால் மேசைமேல் இருக்கிறது. அறையின் சாவி என் அறையில், மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் போய்க் கதவைத் திறக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இப்போதே எழுந்து போகலாம்.'

டீச்சர் கீழே இருந்த கேள்விகளையும் விடைகளையும் பார்த்தார்.

ஆசிரியை எங்கே இருக்கிறார்?

ஆசிரியை புத்தக அறைக்குள் இருக்கிறார்.

சாவி எங்கே தொங்குகிறது?

சாவி மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது.

கதவை யார் திறக்கலாம்?

கதவை யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

அடுத்த தாளைப் பார்த்தார். அதே விடைகள். அடுத்தது. அடுத்தது. பிழையில்லாத எழுத்து. ஒருவன் 'புத்தக அறைக்குள்' என்பதற்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தான். முக்கியமான சொல்லுக்குக் கோடு போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

கடைசியாக வகுப்பின் முதல் மாணவி அமலியின் தாள். அழகான கையெழுத்து. பொருத்தமான தலைப்பு தருக என்ற இடத்தில் எழுதியிருந்தாள்.

'உதவி.'

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். அமலிக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டிலிருந்து ரசம் வைத்து எடுத்துப் போய்க் கொடுத்தவர் அவர். பாசமான பிள்ளை. எல்லாமே பாசமான பிள்ளைகள்தான்.

சாப்பாட்டு மணி அடித்தது.

தட்டுகளின் சத்தம். ஓடி வருகிற கால்கள். சத்துணவுக் கூடத்துக்குப் போகிற வழி புத்தக அறையை ஒட்டித்தான் போகிறது. யாரோ ரெண்டு பேர் கதவில் சாய்ந்து நின்றார்கள். கதவு லேசாக அதிர்ந்தது.

"சாவி கேள்விக்கு என்னல எழுதின?"

"ஆணியில தொங்குதுன்னு."

"மாதா படத்துக்குக் கீழன்னு போடலியா? போச்சு. உனக்கு அரை மார்க்கு காலி."

"போலே. அதெல்லாம் வெட்ட மாட்டாங்க. டீச்சர் வரட்டும், கேப்போம்."

"இன்னைக்கு முட்டை உண்டுல்ல?"

ஓடிவிட்டார்கள்.

டீச்சர் கதவருகே வந்திருந்தார். தட்டக் கையைத் தூக்கியிருந்தார். தூக்கிய கை அப்படியே நின்றது. சிஸ்டருக்குக் கொடுத்த வாக்குக்காக இல்லை. தட்ட வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

கால்கள் எல்லாம் அந்த வழியாகப் போய் முடிந்தன.

அமைதி.

தாள்களை மறுபடியும் அடுக்கினார். ஒன்று குறைந்தது. யாருடையது என்று பார்க்கத் தேவையில்லை. இன்னும் பத்தியையே முடித்திருக்காது என்று நினைத்தார். 

நாக்கு வறண்டது. கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் வரவில்லை.

சத்துணவுக் கூடத்திலிருந்து பிள்ளைகள் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம் ஒரே குரலில் கேட்டது. ஒரு சொல் பிசகவில்லை.

அப்போது வெளியே செருப்பில்லாமல் யாரோ ஓடி வந்தார்கள். மூச்சு வாங்கியது. பூட்டில் சாவி உரசியது. சரியாக நுழையாமல் ஒருமுறை கீழே விழுந்தது. மறுபடி எடுத்து நுழைத்தார்கள்.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் டீச்சருக்குக் கண் கூசியது.

சலேத் நின்றிருந்தாள். அக்குளில் தண்ணீர் பாட்டில். கையில் சாவி. சாவியோடு சேர்த்துக் கசங்கிய வினாத்தாள். அதில் ஒரு விடையும் எழுதியிருக்கவில்லை.

டீச்சர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோபமாக இருக்கிறார் என்று பிள்ளை நினைத்துக்கொண்டது. பாட்டிலை நீட்டியபடி கண் கலங்கச் சொன்னது.

"இன்னும் கொஞ்சம் வேகமாப் படிக்கத் தெரிஞ்சிருந்தா அப்பவே வந்திருப்பேன், டீச்சர்."