நூல் அவிழ்ந்த மூன்று வரிசைகள்

ஒரு வழக்கைச் சொல்கிறேன். பாதியில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். மூன்று பெண்களுக்குள் சண்டை என்றால் நமக்கெல்லாம் அந்த அவசரம் கொஞ்சம் அதிகம்.

தருமபுரிப் பக்கம் ஒரு கிராமம். மாதம்மாள், கவுரி, வெண்ணிலா என்று மூன்று பேர். பக்கத்துப் பக்கத்தில் ஆளுக்கு அரை ஏக்கர், மூன்றிலும் விதைப் பருத்தி. ஆளுக்கு ஒரு சின்னப் பிள்ளை. புருஷன்மார் மூவரும் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவர்களை இதுவரை யாரும் கேட்டதில்லை. நானும் இந்தக் கதையில் கேட்கப் போவதில்லை.

விதைப் பருத்தி லேசான வேலை இல்லை. நாளைக்குப் பூக்கப்போகும் மொட்டை இன்று மாலையே பிரித்து, உள்ளே இருக்கும் ஆண் பாகத்தைக் கிள்ளி எடுக்க வேண்டும். மறுநாள் காலையில் வேறு ரகத்துப் பூவின் மகரந்தத்தை அதில் ஒற்றி, அடையாளத்துக்குக் காம்பில் ஒரு சிவப்பு நூலைச் சுற்ற வேண்டும். நூல் இருக்கிற காய்தான் விதைக்கு ஆகும். நூல் இல்லாத காய்கள் கலந்துவிட்டால் சோதனையில் தெரிந்துவிடும். விதைக் கம்பெனி மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடும்.

தனியாக ஒருத்தியால் ஆகாது. அதனால் ஒருத்தி வயல் பூத்து ஓயும்போது அடுத்தவள் வயல் பூக்கிற மாதிரி தேதி தள்ளி விதைத்தார்கள். முதலில் மாதம்மாள், பிறகு கவுரி, கடைசியில் வெண்ணிலா. வயல்காரியும் இன்னொருத்தியும் மொட்டுக் கிள்ளுவார்கள். மற்றவள் வரப்போரத்துப் புங்க மரத்தடியில் மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். பிள்ளை பார்ப்பதும் வயல் வேலைதான் என்று முதலிலேயே பேசிக்கொண்டார்கள். யார் வயலோ அவள் சொல்படிதான் மற்ற இருவரும் நடக்க வேண்டும் என்பதும் பேச்சு. கவுரி மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டு வாங்கியிருந்தாள்: தன் மூன்று வயது மகள் தர்ஷினியைக் காலில் கயிறு போட்டு மரத்தில் கட்டக் கூடாது. ஊரில் பலரும் அப்படிக் கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள்.

மாதம்மாள் வயல் பூத்துக் கடைசி வாரம். அன்று மாலை மேகம் கட்டிச் சீக்கிரம் இருட்டிக்கொண்டு வந்தது. கிள்ளாத மொட்டு இன்னும் நிறைய இருந்தது. மாதம்மாள் மரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏ வெண்ணிலா, சும்மாதானே உக்காந்திருக்கே, வந்து ஒரு கை குடு."

"தர்ஷினி முழிச்சிருக்காளேக்கா."

"அவ என்ன, பஸ் ஏறி ஓசூருக்கா போயிடப்போறா? வாடி."

அடுத்த வரிசையில் இருந்த கவுரிக்கும் இது கேட்டது. அவள் வாய் திறக்கவில்லை. தன் கைக்குழந்தையும் மாதம்மாளின் பையனும் தூங்குவதைப் பார்த்துவிட்டு, தர்ஷினியிடம் இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு, வெண்ணிலா வயலுக்குள் இறங்கினாள்.

வேலை முடிந்து திரும்பும்போது தர்ஷினியின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் சிவப்பு வளையல். வயலின் கடைசி மூன்று வரிசையில் அவள் கைக்கு எட்டிய நூலையெல்லாம் உருவியிருந்தாள். எது மகரந்தம் ஒற்றிய காய், எது தானாய்ப் பிடித்த காய் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மறுநாள் மாதம்மாள் அந்த மூன்று வரிசைக் காய்களையும் தன் கையாலேயே பறித்து எறிந்தாள். கலந்து விற்கலாமா என்று அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதை அவளுக்காகச் சொல்லியே ஆக வேண்டும்.

பிறகுதான் வெண்ணிலாவிடம் வந்தாள். பிள்ளை பார்க்கத் தெரியாதவளோடு தனக்குக் கூட்டு இல்லை, அவள் வயலுக்கு இனி வரப்போவதும் இல்லை என்றாள். வெண்ணிலாவின் வயல் பூக்க இன்னும் இருபதே நாள். இரண்டு பேருக்கும் உழைத்துக் கொடுத்துவிட்டு, தன் முறை வரும்போது கவுரியைப் பிள்ளைகளிடம் உட்காரவைத்துவிட்டு வயலில் தனியாக நின்றால் அவளுக்கு இந்த வருஷ வெள்ளாமையே கிடையாது.

"நீ கூப்பிட்டுத்தானேக்கா வந்தேன்?"

"கால்ல ஒரு கயிறப் போட்டுட்டு வர்றதுக்கென்ன?"

"எம் பிள்ளையக் கட்டுவியா? மூணு வரிசைதானே, போனா போகுது" என்றாள் கவுரி.

"போனது உன் வரிசை இல்லல்ல" என்றாள் மாதம்மாள்.

பிள்ளை பார்த்தவள் கவனம் தவறினாள் என்கிறாள் மாதம்மாள். வயல்காரி சொல்லுக்குக் கட்டுப்பட்டேன் என்கிறாள் வெண்ணிலா. வாக்கு வாக்குதான் என்கிறாள் கவுரி. மூவரில் யார் பேச்சில் நியாயம் இருக்கிறது? மூன்று வரிசை யாருடைய நஷ்டம்?

விடை: பிள்ளையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மடையை வைத்துப் பாருங்கள். வெண்ணிலா தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறாள். மாதம்மாள் அவளை வேறு வேலைக்கு இழுக்கிறாள். மடை உடைகிறது. அப்போது வெண்ணிலாவை ஒருவரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆளை எடுத்தது நீதானே என்று மாதம்மாளைத்தான் கேட்பார்கள். பிள்ளை என்றதும் மட்டும் ஏன் நியாயம் மாறுகிறது? பிள்ளை பார்ப்பதும் வேலை என்று பேசிய பிறகு, அந்த வேலையிலிருந்து ஆளை எடுத்தவளுக்குத்தான் நஷ்டம். கேட்டுக்கொண்டே சும்மா இருந்த கவுரி, வாக்கைப் பற்றிக் கொஞ்சம் தணிந்து பேசலாம். வெண்ணிலாவின் வயல் பூக்கும்போது மாதம்மாள் வந்தே ஆக வேண்டும். வந்து, முதல் வாரம் முழுக்க அந்த மரத்தடியில் மூன்று பிள்ளைகளோடு அவளே உட்காரட்டும்.