விலை கேட்ட நாலாம் ஆள்

பிள்ளைகளே, பெரியவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கடல் இப்போது நிற்கும் இடத்துக்கு வெகுதூரம் அப்பால் நின்ற காலம் அது. அந்தக் கரையில் வெண்மணற்பட்டினம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் திருவாழி என்று ஒரு சங்கு வணிகர் இருந்தார்.

அவருக்கும் அவர் மனைவி உலகம்மைக்கும் ஒரே மகள். அவளை மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். "இனி அங்கே தனியாகக் கிடக்க வேண்டாம், எங்களோடு வந்து இருங்கள்" என்று மகள் சொல்லி அனுப்பினாள். வீட்டை விற்றுவிட்டுப் போவதென்று முடிவாயிற்று.

நல்ல வீடு அது. தேக்குத் தூண்கள். காற்று வரும் முற்றம். கேட்டு வர ஆளுக்கா பஞ்சம்?

முதலில் வந்தவர் நெசவாளி சீனியப்பன். பெரிய குடும்பம், தறி போட இடமில்லாமல் தவித்தவர். தன்னால் முடிந்த விலையைச் சொன்னார். அடுத்து எண்ணெய் வணிகர் குற்றாலம் வந்தார். அவர் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். மூன்றாவதாகக் கப்பல்காரர் சேகு மரைக்காயர் வந்தார். அவர் சொன்னது அதற்கும் மேலே.

மூன்று பேர் கேட்கிறார்கள் என்றதும் திருவாழிக்கு ஆசை மூண்டது. இருக்கிற மூன்று பேர் போதாமல், இல்லாத ஒருவரையும் சேர்த்துக்கொண்டார்.

"இன்னொருவர் உன்னைவிட அதிகம் தருகிறேன் என்கிறாரே" என்றார் சீனியப்பனிடம்.

"யாருங்க ஐயா அவர்?"

"மாசானமுத்து என்று ஒருவர். அசலூர்க்காரர்." வாயில் வந்த பெயர் அது.

மனைவியின் வளையலை விற்றாவது கூட்டித் தருகிறேன் என்றார் சீனியப்பன்.

குற்றாலத்திடமும் திருவாழி அதையே சொன்னார். "எங்கே தங்கியிருக்காரு அண்ணாச்சி?" என்று குற்றாலம் கேட்டார். "உப்பளத்துக்குப் பக்கத்தில், அந்தப் பாழடைந்த சத்திரத்தில்" என்றார் திருவாழி. குற்றாலமும் விலையை ஏற்றினார்.

மரைக்காயரிடமும் அதையே சொன்னார். "ஆள் எப்படி இருப்பார்?" என்று மரைக்காயர் கேட்டார். "வெள்ளைக் குடை பிடித்திருப்பார். நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது" என்றார் திருவாழி. மரைக்காயரும் விலையை ஏற்றினார்.

உலகம்மைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏங்க, அப்படி ஒருத்தர் நம்ம வீட்டுக்கு வரவே இல்லையே?"

திருவாழி சிரித்தார். "வராத ஆள்தான் நல்ல ஆள், உலகம்மை. அவருக்குச் சோறு போட வேண்டாம். விலையை மட்டும் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்."

மறுநாள் உச்சி வெயில். தெருவில் ஒரு காக்கைகூட இல்லை. வாசலில் ஒரு வெள்ளைக் குடை நின்றது.

"நான் மாசானமுத்து. உப்பளத்துச் சத்திரத்தில் தங்கியிருக்கிறேன். வீடு விஷயமாக வந்தேன்."

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துத் திருவாழி குடைக்குக் கீழே குனிந்து பார்த்தார். பெயரைச் சொல்லியிருந்தார். இடத்தைச் சொல்லியிருந்தார். குடையைச் சொல்லியிருந்தார். முகத்தைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. குடைக்குக் கீழே முகம் இல்லை.

"வீடு... வீடு விற்பதற்கில்லை" என்று குழறினார்.

"விலை போதவில்லையா? யார் எவ்வளவு கேட்டாலும் அதற்கு மேல் தருவேன். அதற்காகத்தானே என்னை உண்டாக்கினாய்?"

குடை திரும்பிப் போயிற்று. காலடிச் சத்தம் கேட்கவில்லை.

திருவாழி குற்றாலத்திடம் ஓடினார். "முதலில் சொன்ன விலை போதும், இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

குற்றாலத்தின் உதடு வெளுத்திருந்தது. "வேண்டாம் அண்ணாச்சி. அந்த ஆள் என் செக்கடிக்கு வந்துட்டுப் போனாரு. 'நான் உன்னைவிட அதிகம் தருவேன்'னு அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. செக்கு மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிடுச்சு."

இரண்டாம் நாள் உச்சி வேளையில் குடை முற்றத்துக்குள் நின்றது. கதவை யாரும் திறக்கவில்லை. குடையின் நிழல் தரையில் விழுந்தது. ஆளின் நிழல் விழவில்லை. "எப்போது குடி வரலாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போயிற்று.

மூன்றாம் நாள் திருவாழி உள்ளறையில் தாழிட்டுப் படுத்திருந்தார். கண்ணைத் திறந்தால், கட்டிலுக்கு அருகில் குடை.

"எல்லாம் தந்தாய். முகம் மட்டும் தரவில்லை" என்றது குரல். "வீடு எனக்கென்றால் வீட்டுக்காரன் முகமும் எனக்குத்தானே? நாளை வந்து எடுத்துக்கொள்கிறேன்."

சற்று நேரம் கழித்து உலகம்மை மோர் கொண்டுவந்து கதவைத் தட்டினாள். திறந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருங்க நீங்க?" என்று கேட்டாள். மறுகணமே நடுங்கிப்போய், "ஐயோ, எனக்கு என்ன ஆச்சு?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

திருவாழி அப்படியே தரையில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லி அழுதார்.

"இதுக்கு மந்திரவாதி வேண்டாம்" என்றாள் உலகம்மை. "நீங்க சொல்லித்தான் அவர் வந்தார். நீங்க சொல்லித்தான் போகணும். யார் யார்கிட்ட பொய் சொன்னீங்களோ, அந்த மூணு பேரையும் ஒண்ணா உட்கார வச்சுச் சொல்லுங்க."

"ஊர் என்ன சொல்லும்?"

"முகம் இருந்தால்தானே வெட்கப்பட முடியும்?" என்றாள் அவள்.

மறுநாள் உச்சி வேளைக்கு முன்னால் மூன்று பேரும் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். திருவாழி எழுந்து நின்றார். மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தெருக்கோடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. வாசலுக்கு வந்தது. முற்றத்துக்குள் வந்தது. கன்னத்தில் ஈரத்துணி படுவதுபோல் ஒரு குளிர்ச்சி.

"சீனியப்பா!" என்று கத்தினார் திருவாழி. "மாசானமுத்து என்று யாரும் இல்லை. உன்னிடம் பொய் சொன்னேன்."

குளிர்ச்சி நின்றது.

"குற்றாலம், அந்தச் சத்திரத்தில் யாரும் தங்கவில்லை. உங்களிடமும் பொய் சொன்னேன்."

குடை ஒருமுறை ஆடியது.

"மரைக்காயரே, குடையும் இல்லை, ஆளும் இல்லை. விலையை ஏற்றத்தான் அப்படிச் சொன்னேன். என்னை மன்னியுங்கள்."

தண்ணீரில் விழுந்த உப்பு எப்படிக் கரையுமோ, அப்படிக் கரைந்தது அந்தக் குடை. முற்றத்தில் வெயில் மட்டும் இருந்தது.

பிறகு, யார் யார் முதலில் என்ன விலை சொன்னார்கள் என்பதை மூவரும் கேட்கும்படி திருவாழி ஒளிக்காமல் சொன்னார்.

குற்றாலம் காறித் துப்பிவிட்டுப் போனார். மரைக்காயர் எழுந்து நின்று, "இன்னைக்கு நீங்க சொன்னது மெய்தான். ஆனா இந்த வீட்டுல இனி எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீனியப்பன் மட்டும் போகவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு ஐயா. ஆனா தறி போட இடம் வேணுமே. முதல்ல சொன்ன விலைக்குக் கொடுத்தா எடுத்துக்கறேன். என் பொண்டாட்டி வளையலை நான் விற்க மாட்டேன்."

"அந்த விலையே போதும்" என்றார் திருவாழி.

வண்டி கட்டிப் புறப்படும் நாளில், ஏறப்போன திருவாழி திரும்பி வந்தார். "சீனியப்பா, வடக்குச் சுவர் மழையில் ஒழுகும். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் தறி போடாதே."

"சரிங்க ஐயா. சுண்ணாம்பு பூசிக்கறேன்" என்றார் சீனியப்பன்.

வண்டி நகர்ந்தது. உலகம்மை தன் கணவரின் முகத்தைப் பார்த்தபடியே வந்தாள்.

ஆகவே, வாங்க வருகிறவர் எத்தனை பேரானாலும், விற்கிறவர் எல்லோரிடமும் ஒரே உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.