இடது கால் பூட்டிய கார்

ஷெட் முதலாளி நாகலிங்க முதலியாரைத் துரைக்கண்ணு கடைசியாக உயிரோடு பார்த்தது எழும்பூர் ஸ்டேஷனில், ராமேஸ்வரம் வண்டியின் ஜன்னலில். ரயில் நகர்ந்த பிறகும் முதலியார் தலையை வெளியே நீட்டிச் சொல்லிக்கொண்டே போனார்.

"படத்துல எப்படி இருக்கோ அப்படியே பூட்டணும். பெட்டியில வந்தது ஒரு ஆணிகூட மிச்சம் இருக்கக் கூடாது. இருந்துச்சோ, ஷெட்டை மிளகாய் மண்டிக்கு விட்டுட்டு உங்களை அங்கயே மூட்டை தூக்க வெச்சுடுவேன்."

துரைக்கண்ணு அப்போதே மூக்கைப் பொத்திக்கொண்டார். மிளகாய்க் கடை இருக்கும் தெருவில் நடந்தாலே தும்மித் தும்மி மூக்கு பழுத்துவிடும் ஆள் அவர்.

முதலியார் ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடினார். பசியோடு சாப்பிட்டார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

தந்தி வந்ததும் ராயபுரம் ஷெட்டில் துரைக்கண்ணுவோடு சேர்த்து வேலையாட்கள் மூன்று பேரும் உட்கார்ந்து அழுதார்கள். அமெரிக்காவிலிருந்து மரப்பெட்டியில் துண்டு துண்டாக வரும் கார்களைப் பூட்டி ஓடவிடுவதுதான் அந்த ஷெட்டின் தொழில். இதுவரை முதலியார் பக்கத்திலேயே நின்று திட்டுவார். திட்டு நிற்கிற இடத்தில் இவர்கள் முடுக்குவதை நிறுத்துவார்கள். வேறு தொழில் நுணுக்கம் எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

"சொன்ன ஆளே போயிட்டார். அவர் சொன்னது இனிமே செல்லுமா?" என்று குப்புலிங்கம் கேட்டான்.

"இப்பத்தாண்டா நல்லா செல்லும்" என்றார் மேஸ்திரி மாசிலாமணி. "உயிரோட இருந்தா நாளைக்கே மாத்திச் சொல்லுவார். இனிமே யாரு மாத்துறது?"

அது நியாயமாகப் பட்டது. பெட்டியை உடைத்தார்கள்.

உள்ளே ஒரு படம் இருந்தது. காரின் பாகங்களைத் தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், அந்தரத்தில் மிதப்பது போல வரைந்திருந்தார்கள். மாசிலாமணி அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு கயிறு வாங்கிவரச் சொன்னார்.

வாரக் கடைசிக்குள் வேலை முடிந்தது. எஞ்சின், கதவு, சக்கரம், விளக்கு எல்லாம் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கின. படத்தில் இருந்த இடைவெளிகூடப் பிசகவில்லை.

"வண்டி தயார். ஆனா எப்படி ஏறுறது?" என்று துரைக்கண்ணு கேட்டார்.

குப்புலிங்கம் தொங்கிய சீட்டில் ஏறிப் பார்த்தான். சீட்டு ஊஞ்சலாடிப் போய் அவன் நெற்றியை ரேடியேட்டரில் முட்டவைத்தது.

"நல்ல ஓட்டம்தான். பிரேக் பத்தலை" என்றார் மாசிலாமணி.

அந்த நேரத்தில் முதலியாரின் மருமகன் சபாநாயகம் வந்தார். தலைக்கு மேல் தொங்கிய காரைப் பார்த்துவிட்டு, வாசல் தாண்டி உள்ளே வராமலே பேசினார்.

"இந்த வண்டிக்குச் சொல்லிவெச்ச ஜட்ஜ் வெள்ளிக்கிழமை எடுக்க வர்றார். எல்லாத்தையும் இறக்கி ஒண்ணாப் பூட்டுங்க. மாமா சொன்னது ஞாபகம் இருக்கில்ல? மிச்சம் இருந்தா மிளகாய் மண்டிதான்."

இறக்கிப் பூட்டினார்கள். பெட்டியின் பலகைகள் காரின் கூரைமேல் சாமான் தட்டாயின. பிடுங்கிய ஆணிகளை ஒன்றுவிடாமல் டிக்கியின் உள்பக்கம் அடித்தார்கள். பெட்டிக்குள் அடைத்திருந்த வைக்கோல் சீட்டுக்குள் போயிற்று. எல்லாம் முடிந்ததும் தரையில் ஒரு கியர்பாக்ஸும் ஒரு கிளட்ச் பெடலும் கிடந்தன.

நடந்தது இதுதான். உலகச் சண்டை முடிந்த காலம். அமெரிக்காவில் பழைய மாதிரி கியர்பாக்ஸ் குவிந்து கிடந்தது. தானே கியர் மாற்றிக்கொள்ளும் புது மாதிரியும் வந்துவிட்டது. கேட்பவருக்குக் கேட்டதை வைத்து அனுப்புவார்கள். இந்தப் பெட்டியில் மட்டும் எவரோ இரண்டையும் போட்டு ஆணி அடித்துவிட்டார். இப்படிப்பட்டவர்கள் ராயபுரத்தில் மட்டும் இருப்பதில்லை.

"ஜட்ஜுக்கு இடது கால் கட்டைக்கால். அதனாலதான் கிளட்ச் இல்லாத வண்டி கேட்டாராம்" என்றார் துரைக்கண்ணு.

"அப்ப பெடலை என்ன செய்யறது?"

"பூட்டித்தான் ஆகணும்" என்றார் மாசிலாமணி. "மிச்சம் இருக்கக் கூடாது."

"மிதிக்கக் கால் வேணுமே, மேஸ்திரி?"

மாசிலாமணி துரைக்கண்ணுவின் இடது காலைப் பார்த்தார். குப்புலிங்கமும் பார்த்தான். துரைக்கண்ணு தானும் குனிந்து பார்த்துக்கொண்டார். மூட்டை மூட்டையாக மிளகாய் அவர் கண்முன் வந்தது.

"செருப்பு போட்டுக்கலாமில்ல?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு கியர்பாக்ஸையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தார்கள். பெடலை, ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருந்த இடப்பக்கச் சீட்டின் முன்னால் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்த ஜட்ஜ் ரங்கபாஷ்யம் கதவைத் திறந்தார். உள்ளே துரைக்கண்ணு விபூதி பூசி, கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"யாருய்யா இது?"

"கிளட்ச்சுங்க" என்றார் மாசிலாமணி.

"எனக்கு இடது கால் இல்லேன்னுதானே கிளட்ச் இல்லாத வண்டி கேட்டேன்?"

"அதனாலதாங்க காலும் சேத்துத் தர்றோம்."

ஜட்ஜ் முப்பது வருஷம் தீர்ப்பு எழுதியவர். இந்த வாதத்தில் ஓட்டை தேடினார். அகப்படவில்லை. இன்னொரு வண்டி கப்பலில் வர எத்தனை காலம் ஆகுமோ. ஏறி உட்கார்ந்து, "அழுத்து, பார்ப்போம்" என்றார். துரைக்கண்ணு அழுத்தினார். வண்டி ஒரு குதி குதித்துவிட்டு ஓடியது.

சபாநாயகம் ஷெட்டைச் சுற்றி வந்தார். ஒரு ஆணிகூட மிச்சம் இல்லை. ஷெட் சாவியை மாசிலாமணியிடமே கொடுத்தார். "மாமா வாக்கை இனிமே நீங்களே காப்பாத்துங்க."

அதன்பிறகு ஜட்ஜ் கடற்கரைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் துரைக்கண்ணு போனார். அவருக்குக் காய்ச்சல் என்றால் வண்டிக்கு ரிப்பேர் என்று ஜட்ஜ் வீட்டில் சொல்வார்கள். மழைக்காலத்தில் இருவரையும் ஒரே படுதாவால் மூடிவைப்பார்கள்.

ஜட்ஜ் காலமானதும் வண்டியை ஒரு சினிமா கம்பெனிக்கு விற்றார்கள், சகல பாகங்களோடும். துரைக்கண்ணுவும் போனார். அங்கிருந்து ஒரு டாக்டர், பிறகு ஒரு சர்க்கஸ். கடைசியில் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடை.

கடைக்காரர் கதவைக் கழற்றினார், எஞ்சினைக் கழற்றினார், பெடலைக் கழற்றினார். எல்லாவற்றையும் நிறுத்துப் போட்டார். கடைசியாகத் துரைக்கண்ணு செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறி நின்றார்.

"பெரியவரே, இறங்குங்க. இரும்பு மட்டும்தான் எடுக்கிறோம்."

துரைக்கண்ணு நடந்தே ராயபுரம் வந்து சேர்ந்தார். மாசிலாமணி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் போயிடுச்சா?"

"போயிடுச்சு, மேஸ்திரி. நான் மட்டும்தான் மிச்சம்."

குப்புலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாசிலாமணி எழுந்து, ஆணியில் தொங்கிய ஷெட் சாவியை எடுத்து, முதலியார் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்.

இப்போது அங்கே மிளகாய் மண்டி இருக்கிறது. இடப்பக்கத்து மூட்டைகளைத் துரைக்கண்ணு தூக்குகிறார். தும்மல் தெருமுனை வரை கேட்கும்.