ஸ்டெப்னிக்குப் பொட்டு

பிரேக்தான் காரை நிறுத்துகிறது என்று உலகம் நம்புகிறது. வருத்தத்தோடு இதை மறுக்க வேண்டியிருக்கிறது. பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. காரை நிறுத்துவது, டயரும் சாலையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பிடி. இது தெரியாமலேயே இத்தனை பேர் தினமும் பத்திரமாக வீடு போய்ச் சேருகிறார்கள் என்பதை எந்த நூலும் போதிய அளவு வியக்கவில்லை.

மலைமேல் இருந்த அந்தச் சிறிய மடத்தில் சீடன் கதிரேசனுக்கு மட்டும் இது தெரியும். மடத்துக்கு வருமுன் லாரி ஓட்டியவன். மடத்தின் பழைய சின்னக் காரையும் அவன்தான் ஓட்டினான். பக்கத்துக் கிராமத்து வெள்ளையனை டயாலிசிஸுக்கு அடிவாரத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் பொறுப்பு.

ஒருநாள் இறக்கத்தில் பிரேக் சூடேறிப் புகைந்தது. மிதித்தான், பிடிக்கவில்லை. வளைவில் இருந்த ஒரு மண்மேடு இருவரையும் காப்பாற்றியது. அதற்குப் பிறகு வெள்ளையன் கண்களை மூடிக்கொண்டுதான் காரில் வந்தார்.

கதிரேசன் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தான். ஒரு பெரிய காரின் பிரேக் டிஸ்க் கிடைத்தது. அதைக் கவ்விப் பிடிக்க ஒரு வேனின் காலிப்பர் கிடைத்தது. இரண்டும் பழைய சக்கரத்துக்குள் அடங்கவில்லை. பெரிய சக்கரங்களாக நான்கு தேடி மாட்டினான். பின்பக்கத்துப் பிரேக்கில் அவன் கைவைக்கவில்லை. மலை இறங்கும்போது பாரமெல்லாம் முன்னால்தான் சாயும் என்பது அவன் வாதம். வாதம் சரியானதே.

வேலை முடிந்த நாள் ஆயுத பூஜை. மடத்துத் தலைவி மெய்யம்மை குங்குமக் கிண்ணத்தோடு வந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்" என்றான் கதிரேசன். "டிஸ்க் யாருடைய காரில் இருந்ததோ. காலிப்பர் எந்த ஊர் வேனோ. நான் யாருக்கென்று நன்றி சொல்வது?"

அவர் கிண்ணத்தை அவனிடம் நீட்டினார். "பொட்டு வை."

டிஸ்க்குக்கு வைத்தான். காலிப்பருக்கு வைத்தான். நான்கு சக்கரங்களுக்கும் ஸ்டீயரிங்குக்கும் வைத்தான்.

"ஸ்டெப்னிக்கு?"

"டிக்கி நிறைய அரிசி மூட்டை இருக்கும்மா. அதுவும் சும்மா கிடக்கிற சக்கரம்தானே. ஒரு வேலையும் செய்யவில்லையே."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அடுத்த பயணத்தில் பிரேக் பிரமாதமாகப் பிடித்தது. வெள்ளையன் கண் திறந்து பள்ளத்தாக்கைப் பார்த்தார். "நம்ம மலை அழகாத்தான் இருக்கு சாமி" என்றார். பாதி இறக்கத்தில் முன்சக்கரம் பஞ்சரானது.

கதிரேசன் ஸ்டெப்னியை இறக்கினான். அது பழைய சின்னச் சக்கரம். மாட்டப் பார்த்தான். காலிப்பர் இடித்தது. திருப்பி வைத்துப் பார்த்தான். அப்போதும் இடித்தது.

"நிக்கணும்னுதானே சாமி இவ்வளவு பாடுபட்டீங்க" என்றார் வெள்ளையன், மூச்சு வாங்கியபடி. "நின்னுருச்சு பாருங்க."

அவர் பாதங்கள் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தன. இன்றைய முறை தவறினால் மறுமுறைவரை அந்த மூச்சு தாங்காது. சாலையில் வேறு வண்டி எதுவும் இல்லை.

"கேலி பண்ணாதீங்கண்ணே. பெரிய பிரேக் மேல இது ஏறாது."

"சின்ன பிரேக் மேல ஏறுமா?"

கதிரேசன் மெல்லத் திரும்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான்.

ஜாக்கி போட்டுப் பின்சக்கரம் ஒன்றைக் கழற்றினான். அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டினான். வழுக்கிக்கொண்டு ஏறியது. கழற்றிய பெரிய சக்கரத்தை முன்னால் மாட்டினான். கார் ஒரு பக்கம் சாய்ந்து, நொண்டிக்கொண்டே மலை இறங்கியது. நர்ஸ் வெள்ளையன் பெயரைக் கூப்பிட்டபோது இருவரும் வாசலில் நுழைந்துகொண்டிருந்தார்கள்.

அவரை உள்ளே விட்டுவிட்டுக் கதிரேசன் காருக்கு வந்தான். சின்னச் சக்கரத்தின் அருகே குந்தினான். தன் நெற்றியிலிருந்த குங்குமத்தைத் தொட்டு அதற்கு வைத்தான்.

மாலையில் மடத்துக்குத் திரும்பியதும் நடந்ததைச் சொன்னான்.

"அம்மா, அது முன்னால் ஏறாது என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குக் கார் ஓட்டவே தெரியாதே, கதிரேசா. கிண்ணத்தில் குங்குமம் மிச்சம் இருந்தது. அதனால் கேட்டேன்."

மறு வருஷ ஆயுத பூஜையில், கதிரேசன் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்து ஜாக்கிக்கு வருவதற்குள் மடத்தில் குங்குமம் தீர்ந்துபோய், ஆள் அனுப்பி வாங்கிவர வேண்டியதாயிற்று.