எருக்கம்பால் திரிந்த நாள்

செடிகொடிகளும் ஆடுமாடுகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில் எருக்கம்பால் தித்திக்கும். இன்றைக்கு இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரிப்பதென்றால் கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஒச்சாயி என்றொருத்தி இருந்தாள். பிள்ளை பெற்ற மறுவாரமே அவளுக்குப் பால் வற்றிவிட்டது. வீட்டுச் சுவரோரம் நின்ற எருக்கஞ்செடிதான் இலை இலையாகப் பால் சுரந்து அந்தப் பெண்குழந்தையைத் தேற்றியது. ஒச்சாயி அதைச் செடி என்று சொல்ல மாட்டாள். "ஆத்தா" என்றுதான் கூப்பிடுவாள்.

குழந்தை தவழ ஆரம்பித்த சமயம் மழை பொய்த்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. இருப்பதா, போவதா என்று ஊருக்கே ஒன்றும் புரியவில்லை. காலையில் "போவோம்" என்றவன் சாயங்காலம் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்பான். கடைசியில் உலை வைக்கவும் தண்ணீர் இல்லாமல் போனதும் எல்லோருக்கும் ஒரே புத்தி வந்தது. ஆற்றங்கரைப் பக்கம் போய்ப் பிழைத்துக்கொள்வது என்று மூட்டை கட்டினார்கள்.

அப்போது செடிகளுக்கு நடக்கவும் தெரியும். பிற்பாடு அவை அதை மறந்துபோனது வேறு கதை. முருங்கை புறப்பட்டது. பூசணிக்கொடி காயை இழுத்துக்கொண்டு புறப்பட்டது. எருக்கும் வேரை உருவிக்கொண்டு வாசலில் வந்து நின்றது.

ஒச்சாயி அதன் இலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தா, நீயும் வந்துட்டா வீட்ட யாரு பாத்துக்கிறது? செவரு விழுந்துருமே. பிள்ளதான் இப்பக் கஞ்சி குடிக்கப் பழகிருச்சே. ஒரு மழ பேஞ்சாப் போதும், வந்துருவோம்."

எருக்கு தலையாட்டியது. பக்கத்தில் நின்ற வெள்ளாட்டுக்குப் பொறுக்கவில்லை.

"ஏ எருக்கு, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? தங்குறதுன்னா வேர ஆழமா விடணும். விட்டா அப்புறம் ஒன்னால நடக்கவே முடியாது. போறவங்க வந்துருவோம்னுதான் சொல்லுவாங்க. வரமாட்டோம்னு சொல்லிட்டு எவன் போயிருக்கான்?"

"ஒச்சாயி சொன்னாச் சொன்னதுதான்," என்றது எருக்கு.

ஆடு வழிக்கு நாலு இலையைக் கடித்துக்கொண்டு கூட்டத்தோடு போய்விட்டது.

எருக்கு வேரை இறக்கியது. சுவருக்கு அடியில் நுழைந்து அஸ்திவாரக் கல்லை வளைத்துப் பிடித்துக்கொண்டது. மேகம் வருமா என்று அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டது. பார்த்தால் மனசு அலைபாய்கிறது. ஈரம் என்று ஒன்று இருந்தால் அது கீழேதான் இருக்கும் என்று வேரை மட்டும் நம்பியது. வெயிலுக்கு இலையில் சாம்பலைப் போல ஒரு பொடியைப் பூசிக்கொண்டது. ஒச்சாயிக்குத் தான் ஆத்தா என்றால் அந்தக் குழந்தை தனக்குப் பேத்திதானே என்று, பாலைச் சிந்தாமல் அவளுக்கென்று சேர்த்து வைத்தது. ஊரில் மற்ற வீடுகளெல்லாம் சரிந்தன. ஒச்சாயி வீடு மட்டும் நின்றது.

மழையும் பெய்தது. ஒரு மழை இல்லை, எத்தனையோ மழை. யாரும் வரவில்லை. சோறு கிடைத்த இடமே அவர்களுக்குச் சொந்த ஊராகிவிட்டது. எருக்குக்கு வயிறெரிந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை. விட்டாலும் நடக்க முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு நாள் வண்டிச் சத்தம் கேட்டது. ஒச்சாயி இறங்கினாள். கூடவே பாவாடை கட்டிய ஒரு சிறுமி. எருக்குக்குச் சந்தோஷத்தில் இலையெல்லாம் பால் கட்டிக்கொண்டது.

ஒச்சாயி நேரே வாசலுக்குப் போனாள். ஆற்றங்கரையில் கட்டும் புது வீட்டுக்கு ஒரு கதவுநிலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வண்டிக்காரன் கடப்பாரையால் நெம்பினான். நிலை கழன்று வந்ததும் சுவர் பொலபொலவென்று சரிந்தது. இடிந்த மண்ணுக்குள் எருக்கின் வேர் வெளியே தெரிந்தது.

"பாத்தியா, எருக்கு மொளச்சு வீட்டயே நாசமாக்கிருச்சு," என்றாள் ஒச்சாயி.

சிறுமி இதற்குள் ஓர் இலையைக் கிள்ளியிருந்தாள். வழிந்த பாலை விரலில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனாள். "இது என்ன செடிம்மா?"

ஒச்சாயி ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள். "தொடாத! வெசம் அது. பாழாப்போன வீட்டுல மொளைக்கிற சனியன்!"

மறந்துபோய்ச் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவள் மறக்கவில்லை. எருக்கின் பக்கம் முகத்தைத் திருப்பாமலே மகளை இழுத்துக்கொண்டு போனதில் அது தெரிந்தது. உனக்குப் பால் கொடுத்தது இதுதான், நான்தான் இதை இங்கே விட்டுவிட்டுப் போனேன் என்று மகளிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

எருக்கு அவள் முதுகைப் பார்த்துச் சொன்னது: "ஒச்சாயி, மழ பேஞ்சா வாரேன்னு சொன்னது பொய்யாப்போச்சு. இப்பச் சொன்னதாவது மெய்யாகட்டும்."

சேர்த்து வைத்த பால் அத்தனையும் அந்த நிமிஷமே திரிந்துபோனது.

அன்றிலிருந்துதான் எருக்கம்பால் கசப்பும் விஷமுமாக இருக்கிறது. ஆள் போன வீட்டுக்கு இன்றும் முதலில் வந்து நிற்பது எருக்குத்தான். நாமும் ஆகாதவனைச் சபிக்கும்போது "உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்கிறோம், என்னவோ அதுதான் வந்து ஆட்களை விரட்டிவிட்டது போல.