ஐந்தாம் பெட்டியைக் கழுவியவர்

ஐந்தாவது பெட்டியைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் தான் என்ன காரியம் செய்திருக்கிறோம் என்பது வேதரத்தினத்துக்கு உறைத்தது.

பெட்டி என்றால் நிஜ ரயில் பெட்டி இல்லை. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளம், அவ்வளவுதான். நிஜப் பெட்டியை எண்பத்தேழால் வகுத்தால் வருகிற அளவு. நீல உடம்பு, வரிசையாக ஜன்னல்கள், சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில் கதவுகள். அதன் மேல் நிலோஃபர் ஒரு மாதம் உட்கார்ந்து ஏற்றிய தூசி முழுவதும் இப்போது ஒரு கிண்ணத் தண்ணீரில் செம்மண் நிறத்தில் கலங்கிக் கிடந்தது.

நிலோஃபர் அவருடைய குரு. அவளுக்கு வயது முப்பத்து நாலு. சீடருக்கு அறுபத்து இரண்டு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று வேதரத்தினம் தன் வீட்டாரிடம் பலமுறை கேட்டிருக்கிறார். அவர்கள் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

திருச்சியில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய கூடம். அங்கே பதினெட்டு அடி நீள மேஜையின் மேல் ஒரு ஸ்டேஷனும் வறண்ட ஆறும் ஆற்றின் மேல் பாலமும் இருந்தன. எல்லாம் அவள் கையால் செய்தவை. எட்டுப் பெட்டி ரயில் ஒன்று அந்த ஸ்டேஷனில் நிற்க வேண்டும். பெட்டிகள் தயார், தூசி உதிராமல் இருக்க மேலே கடைசிப் பூச்சு வார்னிஷ் அடிப்பது மட்டும் பாக்கி. பத்து நாளில் சென்னையிலிருந்து கண்காட்சிக்காரர்கள் வண்டி கொண்டு வந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போவதாக ஏற்பாடு.

வேதரத்தினம் அந்தக் கூடத்துக்கு முதலில் வந்தது சும்மா வேடிக்கை பார்க்கத்தான். மேஜைக்குப் பக்கத்தில் நின்று, "பொம்மை நல்லா இருக்கும்மா" என்றார்.

"நின்னு பார்த்தா பொம்மைதான் ஐயா. முட்டி போட்டுப் பாருங்க" என்றாள் நிலோஃபர்.

முட்டி போட்டார். தண்டவாளத்தின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனார். அந்தக் கணத்தில் மேஜை போய்விட்டது, கூடம் போய்விட்டது. பிளாட்பாரக் குழாயடியில் பாசி பிடித்திருந்தது. மூன்றாவது தூணில் வெற்றிலைச் சாறு வழிந்திருந்தது. தண்டவாளத்தின் பக்கவாட்டில் துரு, சக்கரம் ஓடுகிற மேல்பகுதியில் மட்டும் வெள்ளிக் கோடு. கீழே மில் ஓடத் தொடங்கியதும் தரை அதிர்ந்து, ஸ்டேஷன் பூராவும் லேசாக நடுங்கியது. வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று அவர் உடம்பு நம்பிவிட்டது.

எழுந்தபோது அவர் முதலில் கேட்டது, "அந்தத் தூணில் துப்பினது யாரு?"

"மதுரைக்குப் போறவரு. வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டு."

"என்னையும் சேர்த்துக்கங்க டீச்சர்" என்றார் வேதரத்தினம்.

சேர்த்துக்கொண்டாள். பதினோரு மாதம் ஆற்று மணலைச் சலித்துச் சலித்துத் தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லியாக ஒட்டினார். பிரஷ்ஷைத் தொட விடவில்லை. செய்து முடித்த பொருளுக்குத் தூசியும் துருவும் கொடுப்பதை அவள் 'வயசு ஏத்துறது' என்று சொல்வாள். அந்த வேலை அவளுக்கு மட்டும். என்றைக்காவது ஒரு நாள் தன்னையும் கூப்பிடுவாள் என்ற ஒரே ஆசையில் அவர் மணல் சலித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆசையைத்தான் இன்று அவரே கிண்ணத்தில் கரைத்துவிட்டு நிற்கிறார்.

வேண்டுமென்று செய்யவில்லை. நிலோஃபர் ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தாள். ஐந்தாவது பெட்டி மேஜை ஓரத்தில் தனியாக இருந்தது. ஜன்னலில் தூசி அப்பியிருந்தது. பஞ்சுக் குச்சி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ரேடியோவில் யாரோ மண்புழு உரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். காது அங்கே இருந்தது, கை இங்கே இருந்தது. ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் பெட்டி கழுவும் பிரிவில் இருந்தவர், அதில் பத்தொன்பது வருஷம் சூப்பர்வைசர். அழுக்குப் பெட்டியைப் பார்த்து அந்தக் கை வேறு என்ன செய்யும்?

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒளித்து வைக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஒளிக்கவில்லை.

நிலோஃபர் பையைக் கீழே வைத்தாள். பெட்டியைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

"நீங்களா ஐயா?"

"நான்தான் டீச்சர்."

"எதுல கழுவினீங்க?"

"தண்ணி. ஒரு சொட்டு ஷாம்பு."

"ஜன்னலையும் விடலையா?"

"ஜன்னலைத்தான் முதல்ல கழுவினேன்."

அவள் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் மற்ற ஏழு பெட்டிகளுக்கு நடுவே தண்டவாளத்தில் வைத்தாள். முட்டி போட்டுப் பார்த்தாள். வேலைக்கு முதல் நாள் வந்தவனின் சட்டை மாதிரி அது மட்டும் பளபளத்தது. ரயில் போய், பிளாஸ்டிக் வந்துவிட்டது.

வேதரத்தினம் தன் டிபன் பாக்ஸைத் தேடி எடுத்தார். "நான் கிளம்பறேன் டீச்சர். இனிமே வரமாட்டேன். மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலை."

"ஏன் கழுவினீங்க?"

"கை செஞ்சிடுச்சு."

"கை சும்மா செய்யாது. உட்காருங்க."

உட்கார்ந்தார். டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டார். பதினோரு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அப்போது கேட்டுவிட்டார்.

"காலையில பளிச்சுனு அனுப்புவோம் டீச்சர். சாயங்காலம் அதே வண்டி திரும்பி வரும். நாங்க கழுவினோம்கறதுக்கு ஒரு அடையாளம் இருக்காது. மறுபடி கழுவுவோம். ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை போட்டாங்க. வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பார்த்தேன். பாலம் கட்டினவன் பாலத்தைக் காட்டுவான். இது நான் செஞ்சதுன்னு பேரனுக்குக் காட்ட எனக்கு ஒண்ணும் இல்லை. இங்க வந்தா, அழுக்கு வந்தாத்தான் ரயில் நெசமாகுதுன்னு கண்ணால பார்த்தேன். வாஸ்தவம்தான். நானே அதுல சொக்கிப்போயித்தான் சேர்ந்தேன். ஆனா தினமும் மணல் சலிக்கும்போது ஒண்ணு அரிச்சுக்கிட்டே இருக்கும். அழுக்குதான் நெசம்னா, முப்பத்தாறு வருஷம் நான் செஞ்சது என்ன?"

கேட்டுவிட்டுத் தலை குனிந்துகொண்டார். அழுகை வந்துவிடும் போல இருந்தது. அதற்கு வெட்கமாகவும் இருந்தது.

நிலோஃபர் அலமாரியைத் திறந்து ஒரு பழைய அஞ்சறைப் பெட்டியை எடுத்து வந்தாள். கடுகு, சீரகம் இருக்க வேண்டிய கிண்ணிகளில் செங்கல் பொடி, அடுப்புக் கரி, இரும்புத் துரு, சுண்ணாம்பு, ஆற்று வண்டல். அவள் தவிர யாரும் தொடாத பெட்டி. அதை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க கழுவின பெட்டிக்கு நீங்களே வயசு ஏத்துங்க."

"எனக்குத் தெரியாதே டீச்சர்."

"தெரியாமலா முப்பத்தாறு வருஷம் கழுவினீங்க?"

அவர் அஞ்சறைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பார்த்துச் செய்ய, உங்க பெட்டி ஒண்ணைப் பக்கத்துல வச்சுக்கட்டுமா?"

"வேண்டாம்" என்று சொல்லி மற்ற ஏழு பெட்டிகளையும் வெள்ளைத் துணி போட்டு மூடிவிட்டாள்.

முதல் நாள் முழுக்க அவர் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். மறுநாள் காலை, சக்கரங்களுக்கு மேலே பிரேக் கட்டை தேய்ந்து தெறிக்கிற பழுப்புப் பொடியைத் தடவினார். அதற்கப்புறம் கை நிற்கவில்லை. கதவுக் கைப்பிடிக்குக் கீழே வேர்வைக் கை பட்ட கருப்பு. கழிவறை ஜன்னலுக்குக் கீழே வழிந்த கோடு. யாரோ டீயை வெளியே ஊற்றியதும் எதிர்க்காற்றில் பின்னோக்கிப் பரவிய கறை. எந்த அழுக்கு முதலில் போகும், எது நாலு தேய்ப்புக்கும் அசையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாத அழுக்கே இல்லை. இவ்வளவும் தனக்குள் எங்கே இருந்தது என்று அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

நிலோஃபர் முட்டி போட்டாள். ஒரு மணி நேரமா, அதற்கும் மேலா, அவருக்குத் தெரியவில்லை. கீழே மில் இரண்டு தடவை ஓடி நின்றது.

"கூரைக்குக் கீழே ஒரு அழுக்குப் பட்டை விட்டிருக்கீங்க" என்றாள்.

"ஆமா டீச்சர். தரையில நின்னுதான் கழுவுவோம். நீளக் கம்புல பிரஷ் கட்டியிருக்கும். அது எட்டற வரைக்கும்தான் சுத்தமாகும். அதுக்கு மேல அழுக்கு அப்படியே தங்கிடும்."

"அந்தப் பட்டையோட அடிக் கோடு நேரா இல்லையே. மேலயும் கீழயும் போகுது."

"எப்படி நேரா இருக்கும்? இந்த நாலு ஜன்னல் எங்க பிரிவு அரியமுத்து கழுவினது. ஆறடி ஆளு, கோடு மேல போயிடும். அப்புறம் இந்த ரெண்டும் பாக்கியம். குட்டையான பொம்பளை, எட்டாது. அவங்களுக்கு ஒரு ஸ்டூல் வேணும்னு மூணு வருஷம் எழுதிப் போட்டேன். வரலை. அதான் இங்க இறங்குது. அப்புறம் மறுபடி அரியமுத்து."

"கடைசி ஜன்னல்ல கோடு பல்லுப் பல்லா இருக்கு."

வேதரத்தினம் தயங்கினார். "அன்னைக்கு ஒரு ஆள் வரலை. சூப்பர்வைசர் கம்பு பிடிக்கக் கூடாது, ஆனாலும் நான் பிடிச்சேன். எனக்கு வலது தோள் முழுசா உயராது. நிறுத்தி நிறுத்தித்தான் தேய்ப்பேன்."

நிலோஃபரின் விரல் அந்தக் கோட்டின் பக்கத்தில், தொடாமல், முதல் ஜன்னலிலிருந்து கடைசி ஜன்னல் வரை மெல்லப் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடியும் போயிற்று. அவள் கண் கலங்கியிருந்ததை வேதரத்தினம் பார்த்தார். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. எங்கோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று நினைத்தார்.

அவள் எழுந்து வெள்ளைத் துணியை உருவினாள். ஏழு பெட்டிகளும் தெரிந்தன. காற்று, வெயில், மழை இவை மூன்றும் ஒரு ரயிலை என்ன செய்யும் என்று யோசித்து யோசித்து ஏற்றிய தூசி. கூரையிலிருந்து கீழ் வரை ஒரே சீராக இறங்கியிருந்தது, எங்கேயும் ஒரு கம்பு எட்டி நின்ற கோடு இல்லை. வேதரத்தினத்துக்கு அதைப் பார்க்கிறபோது இன்றைக்கும் கை கூப்பத் தோன்றியது. தன்னுடையதை எடுத்து மறைத்துவிடலாம் என்றுகூட நினைத்தார்.

நிலோஃபர் ஏழு பெட்டிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் மேஜையில் வரிசையாக வைத்தாள். உள்ளே போய்க் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு வந்தாள். பஞ்சுக் குச்சி டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். ஷாம்புவையும் வைத்தாள்.

வேதரத்தினம் ஷாம்புவைத் தள்ளி வைத்தார். "ஏழு மாச வேலை டீச்சர் இது. வண்டி வர ஏழு நாள்தான் இருக்கு."

"தெரியும். கம்பு எட்டற வரைக்கும் கழுவினாப் போதும்."

"இதுல ஒரு குறையும் இல்லையே. எதுக்குக் கழுவணும்?"

அவள் முதல் பெட்டியை எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"என் ரயிலை இதுவரைக்கும் யாரும் கழுவினதே இல்லை ஐயா."