ஆறு பேர் வெளியே

“கோச், எனக்கு எப்பதான் ஒரு மேட்ச் குடுப்பீங்க?”

கேட்டவர் பலவேசம். மகளிர் கல்லூரிக் கபடி அணியின் துணைப் பயிற்சியாளர். வயது ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருடங்களாகத் துணை. நான்கு தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போய்விட்டார்கள்.

ஐந்தாவது ஆள் ஜெபக்கனி. வயது முப்பத்தாறு. மாநில மகளிர் அணியின் கார்னரில், களத்தின் மூலைக் காவலில், எட்டு வருடம் நின்றவர்.

அவர் குனிந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“உங்களுக்கு எதுண்ணே பயம்?”

“தோக்குறதுதான்.”

“அது எல்லாருக்கும் உள்ளது. வேற?”

பலவேசம் யோசித்தார்.

“ஆல் அவுட்.”

“ஆங்,” என்றார் ஜெபக்கனி. அடுத்த ஷூவை எடுத்தார்.

அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

ஏழு பேரும் வெளியேறினால் ஆல் அவுட். கடைசி ஆளுக்கான ஒரு புள்ளியோடு எதிரணிக்கு இரண்டு புள்ளி கூடுதலாகப் போகும். அதன்பின் ஏழு பேரும் மறுபடி உள்ளே வரலாம்.

விதியில் மூன்று வரி. பலவேசம் எப்போதும் இரண்டாவது வரியோடு நிறுத்திக்கொள்வார்.

ஆடிய காலத்தில் அவருக்கு ‘ஒத்தையாள்’ என்று பெயர். ஆறு பேர் போன பிறகும் ஒருவராக நிற்பார். எதிரணி வியர்த்துப்போகும்.

அதையே பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். தினமும் காலையில் ஒரு மணி நேரம் அவருடையது. ஒருத்தியை ஆடுகளத்தின் நடுவில் விடுவார். எதிர்ப்பக்கம் ஏழு பேர்.

“வெளிய மட்டும் போயிராதட்டி! செத்தாலும் உள்ளயே சாவு!”

அதில் தேறியவள் பொன்மாரி. இரண்டாம் வருடம் தாவரவியல். இடது கார்னர். கோட்டுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு விரல்கடை இருந்தால் போதும், அதற்குள் நின்றுகொள்வாள்.

“சார், அந்த மூலையிலயே அவளுக்கு ஒரு ரேஷன் கார்டு போட்டுக் குடுத்துருங்க,” என்பாள் அனுசியா.

அனுசியாதான் அணியின் முதல் ரெய்டர். பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டாள். வாயும் அப்படித்தான்.

பருவம் தொடங்கியது. முதல் நான்கு மேட்சிலும் வெற்றி. வேனில் பாட்டு, கூச்சல். ஓட்டுநர் இரண்டு முறை வண்டியை ஓரம் கட்டி, “யம்மா, எனக்கு ஹாரன் சத்தமே கேக்கமாட்டேங்குது,” என்றார்.

ஐந்தாவது மேட்சில் தோற்றார்கள்.

இரண்டு புள்ளி பின்தங்கியிருந்த நேரம். அனுசியா பிடிபட்டு வெளியே. அவளோடு இன்னும் ஐந்து பேரும் வெளியே. உள்ளே பொன்மாரி மட்டும்.

எதிரணி ரெய்டர் வந்தாள். பொன்மாரியைத் தொடவில்லை. முப்பது நொடி அங்கேயே ஆடிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினாள்.

பொன்மாரி போனாள். அவள் பிடிக்கிற ஆள், பாடுகிற ஆள் இல்லை. முப்பது நொடி தள்ளியே நின்றுவிட்டுத் திரும்பினாள்.

மறுபடி அவர்கள். மறுபடி இவள்.

இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பலாம். மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும். எதிரணி அந்த மூன்றாவது முறையில்தான் பொன்மாரியைத் தொட்டது.

அரங்கமே எழுந்து கை தட்டியது. பலவேசத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆல் அவுட் ஆகி ஏழு பேரும் உள்ளே வந்தபோது பாக்கி பதினைந்து நொடி. அனுசியா பறந்து போய் ஒரு புள்ளி எடுத்தாள். விசில். நான்கு புள்ளியில் தோல்வி.

“பாத்தீங்களா கோச்? அஞ்சு ரெய்டு! அஞ்சு!”

“பாத்தேன்.”

“இந்தப் பக்கம் எவளாவது இப்படித் தாங்குவாளா?”

“மாட்டா.”

ஜெபக்கனி திரும்பினார். மற்ற ஆறு பேரும் சுவரோரம் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

“அந்த அஞ்சு ரெய்டுலயும் நீங்கள்லாம் என்னட்டி செஞ்சீங்க?”

“கை தட்டுனோம் கோச்.”

“எனக்குக் கால் மரத்துப்போச்சு கோச்.”

“நான் தண்ணி பாட்டில்ல ஒட்டியிருந்ததை முழுசாப் படிச்சேன் கோச்,” என்றாள் அனுசியா. “தமிழ்ல, இங்கிலீஷ்ல. இந்திக்கு வர்றதுக்குள்ள அவ அவுட் ஆயிட்டா.”

எல்லோரும் சிரித்தார்கள். பலவேசமும் சிரித்தார்.

ஜெபக்கனி சிரிக்கவில்லை.

“அண்ணே, அந்த ரெண்டரை நிமிஷம் நம்ம டீம் எங்க இருந்துச்சு?”

“எங்க இருந்துச்சுன்னா? பொன்மாரிகிட்டதான்.”

“சரி,” என்றார் ஜெபக்கனி.

வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனார்.

பலவேசம் தூங்கவில்லை. ‘சரி’ என்றது சரிதான் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா? ஊர் வந்து சேரும்வரை அவருக்குப் பிடிபடவில்லை.

அந்த வாரம் பிரின்சிபால் கூப்பிட்டுவிட்டார்.

“ஜெபக்கனி மேடம் இந்த சீசனோட கிளம்புறாங்க. சென்னையில விளையாட்டு விடுதிப் பொறுப்பு. உங்களுக்குத் தெரியுமா?”

பலவேசத்துக்குத் தெரியாது.

“உங்களைப் போடணும்னு அவங்க எழுதிக் குடுத்திருக்காங்க. கமிட்டியில வெளியூர் ஆள் ஒருத்தரைச் சொல்றாங்க. டிப்ளமோ வாங்கினவராம். கடைசியில, கோப்பை வந்தா நீங்க, வரலைன்னா அவருன்னு முடிவாகியிருக்கு.”

பலவேசம் நேரே மைதானத்துக்கு வந்தார்.

“ஏன் கோச் எங்கிட்ட சொல்லலை?”

“சொன்னா நல்லா விளையாடுவீங்களா?”

“நானா விளையாடுறேன்? பிள்ளைங்கதானே விளையாடுது.”

ஜெபக்கனி அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு ஊதலை எடுத்து ஊதினார். பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.

அதன்பின் அவர்கள் தோற்கவில்லை. காலிறுதி. அரையிறுதி. இறுதி.

இறுதிப் போட்டியன்று காலை, அரங்க வாசலில் வேன் நின்றது. ஜெபக்கனி கடைசியாக இறங்கினார்.

“இன்னைக்கு நாற்காலியில நீங்க உக்காருங்கண்ணே.”

“எதுக்கு?”

“மேட்ச் கேட்டீங்கல்லா?”

“ஃபைனலையா? ஒரு லீக் மேட்ச் குடுத்திருக்கலாமே கோச்!”

“லீக் மேட்ச்ல உங்களுக்குப் பயம் வராதே.”

சொல்லிவிட்டு மாடி வரிசைக்குப் போனார். கையில் நிலக்கடலைப் பொட்டலம்.

எதிர்க் கல்லூரி ஒரு பேண்டு செட்டையே கூட்டிவந்திருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் டிரம் அதிர்ந்தது. பலவேசம் நாற்காலியில் உட்காரவே இல்லை. நாற்காலிக்கு முன்னால் மூன்றடி நீளத்தில் நடந்துகொண்டே இருந்தார்.

பத்துக்குப் பத்து. பதினாறுக்குப் பதினைந்து. இருபதுக்கு இருபது.

மூன்றரை நிமிடம் பாக்கி. அவர்கள் இருபத்திரண்டு, இவர்கள் இருபத்தொன்று. அனுசியா வெளியே. ஆறு பேர் வெளியே.

உள்ளே பொன்மாரி.

“தாங்கு! தாங்கு பொன்மாரி!”

பலவேசத்தின் தொண்டை தானாகக் கத்தியது.

எதிரணி ரெய்டர் உள்ளே வந்தாள். கபடி, கபடி என்று நிதானமாகப் பாடினாள். பொன்மாரியின் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. சுவரில் ஓடிய கடிகாரத்தைப் பார்த்தாள். சிரித்தாள். திரும்பிப் போனாள்.

மூன்று நிமிடம்.

அந்தச் சிரிப்பைப் பலவேசம் பார்த்தார்.

அவர் தலை இடப்பக்கம் திரும்பியது. வெளியே போனவர்கள் உட்காரும் இடம். ஆறு பேரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு பாதங்கள் கோட்டை முட்டிக்கொண்டு நின்றன.

மாடி வரிசையைப் பார்த்தார். ஜெபக்கனி கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

பலவேசம் இரண்டு கைகளையும் T போல வைத்தார்.

“டைம் அவுட்!”

பொன்மாரி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“இப்ப உன் ரெய்டு. போனதும் ஓரக் கோட்டைத் தாண்டிரு.”

“என்ன சார்?”

“வெளிய வந்துருட்டி.”

“விளையாடுறீங்களா சார்?”

“இல்ல.”

“செத்தாலும் உள்ளயே சாவுன்னு மூணு மாசமாச் சொன்னது யாரு?”

“நான்தான்.”

“அப்ப அது பொய்யா?”

டைம் அவுட்டின் முப்பது நொடியில் பத்து போய்விட்டது.

“பொய்யில்லட்டி. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.”

பொன்மாரி அவர் முகத்தையே பார்த்தாள்.

“மூணு பாயிண்டை சும்மா தூக்கிக் குடுக்கணுமா சார்? தோத்துட்டா?”

“தோத்துட்டா ஊர் வர்றவரைக்கும் என்னைத் திட்டிட்டே வா.”

அந்தப் பக்கமிருந்து அனுசியா கத்தினாள். “ஏட்டி, மூணையும் நான் எடுத்துத் தாரேன்! நீ முதல்ல வா! உக்காந்து உக்காந்து வேர் விட்டுருச்சு!”

விசில்.

பொன்மாரி பாடிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினாள். நேரே ஓரத்துக்குப் போனாள். ஒரு நொடி நின்றாள். பிறகு காலைத் தூக்கி வெளியே வைத்தாள்.

டிரம் நின்றுவிட்டது. அப்புறம்தான் கூச்சல் கிளம்பியது.

“யோவ் கோச்சு! கபடி தெரியுமாய்யா உனக்கு?”

பலவேசம் திரும்பவில்லை. இருபத்தைந்துக்கு இருபத்தொன்று. நான்கு புள்ளி பின்னால். புள்ளிப் பலகையையும் அவர் பார்க்கவில்லை.

அவர் பார்த்தது ஏழு பேர் உள்ளே ஓடியதை.

எதிரணி ரெய்டர் வந்தாள். இப்போது சிரிக்கவில்லை. ஏழு பேர் கைகோத்து நின்றார்கள். அவள் நடுவில் ஒரு அடி கூடுதலாக வைத்துவிட்டாள். சங்கிலி மூடிக்கொண்டது.

இருபத்திரண்டு.

அனுசியா. ஒரு கை, ஒரு கால். இரண்டு பேர் வெளியே.

இருபத்துநான்கு.

எதிரணி முப்பது நொடியைத் தின்றது. அனுசியா மறுபடி போனாள், ஒருத்தியின் தோளைத் தட்டிவிட்டு வந்தாள்.

இருபத்தைந்துக்கு இருபத்தைந்து!

எதிரணி இன்னொரு முப்பது நொடியைத் தின்றது. மறுபடி அனுசியா. அங்கே இருந்தது மூன்றே பேர். மூன்று பேரும் சேர்ந்து அவள் இடுப்பில் விழுந்தார்கள். உள்ளே மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து பிடித்தால் இரண்டு புள்ளி. இருபத்தேழுக்கு இருபத்தைந்து. அனுசியா வெளியே.

நாற்பது நொடி.

எதிரணி இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பியிருந்தது. இது மூன்றாவது. வந்தே ஆக வேண்டும், தொட்டே ஆக வேண்டும்.

வந்தாள். இடது மூலைக்கு வந்தாள். தொட்டுவிட்டுத் திரும்பத்தான் நினைத்தாள். பொன்மாரி கணுக்காலைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. நடுக்கோட்டுக்கு நாலு விரல் முன்னால் இரண்டு பேரும் விழுந்தார்கள்.

இருபத்தாறு. அந்தப் புள்ளிக்கு அனுசியா மறுபடி உள்ளே.

இருபது நொடி. கடைசி ரெய்டு.

அனுசியா நாற்காலிப் பக்கம் பார்த்தாள். என்ன செய்யட்டும் என்று கேட்கிற பார்வை.

பலவேசம் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். போ என்று கையை மட்டும் வீசினார்.

அவள் போனாள். மூன்று பேர். குனிந்தாள். ஒருத்தியின் முழங்கால். அடுத்தவள் பாய்ந்தாள். அவள் முதுகின் மேலேயே கை வைத்துத் தாண்டினாள். நடுக்கோட்டில் நெஞ்சு பட விழுந்தாள். விரல்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

இருபத்தெட்டுக்கு இருபத்தேழு.

விசில் ஊதியது யாருக்கும் கேட்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். பொன்மாரி அழுதாள். அனுசியா பலவேசத்தைத் தூக்கப் பார்த்தாள். இரண்டு பேரும் கீழே விழுந்தார்கள்.

விழுந்த இடத்திலிருந்து பலவேசம் மாடி வரிசையைப் பார்த்தார்.

அங்கே யாரும் இல்லை.

வாசலுக்கு ஓடினார். கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் ஜெபக்கனி நின்றிருந்தார். பையைத் தோளில் மாட்டியிருந்தார். வண்டிப் பலகையில் இரண்டு டம்ளர் இருந்தன.

“கோச்! ஒரு புள்ளி கோச்! ஒரே ஒரு புள்ளி!”

“நமக்கா, அவங்களுக்கா?”

பலவேசம் அப்படியே நின்றுவிட்டார்.

“நீங்க பாக்கலையா?”

“இல்லண்ணே.”

“நமக்குத்தான் கோச்! பொன்மாரி பிடிச்ச பிடி! கடைசியில அனுசியா ஒருத்தி முதுகு மேலயே… எதையுமே பாக்கலையா?”

“இல்ல. நல்லா இருந்துச்சா?”

“அந்த மூணு நிமிஷத்தைப் பாக்காம ஏன் கோச் எந்திரிச்சு வந்தீங்க?”

ஜெபக்கனி ஒரு டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

“பொன்மாரி கோட்டைத் தாண்டினா. நானும் தாண்டிட்டேன்.”